இடது பின் சக்கரம்

வெள்ளிக்கிழமை, பன்னிரண்டே முக்கால்.
சூரமங்கலம் பட்டறையில்
தஸ்தகீரின் பிக்கப் ஜாக்கியில் நின்றது.
பிரேக்கில் காற்றெடுத்து முடித்தாயிற்று.
இடது பின் சக்கரத்து நிப்பிளை
இன்னும் கால் திருகு இறுக்க வேண்டும்.
கால் திருகுதான்.
பாங்கு கேட்டது.
குத்பாவுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட வேண்டுமென்று
ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.
நோட்டில் ‘பிரேக் சரி’ என்றெழுதிக்
கையெழுத்துப் போட்டேன்.
பேனா கசிந்து விரலெல்லாம் மை.
ஒளூ செய்யும்போது அதைத்தான்
நெடுநேரம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு எனக்கு முதல் வரிசையில் இடம் கிடைத்தது.

திங்களன்று பன்னிரண்டு மூட்டை மிளகோடு
ஏற்காட்டிலிருந்து இறங்கிய வண்டி
பதினாறாம் வளைவில் வளையவில்லை.

மையித்தைக் குளிப்பாட்டும்போது
தண்ணீர் மொண்டு கொடுத்தவன் நான்.
எழுத்து என்றார்கள் வந்தவர்கள்.
எழுதி மை காய்ந்து
எத்தனையோ காலமாயிற்று என்றார் ஹஜ்ரத்.
தலையாட்டினேன்.
அத்தனை நிம்மதியாக
அதற்கு முன் நான் தலையாட்டியதில்லை.

அந்த நிம்மதி நாற்பது நாள் தாங்கியது.

பிறகு ராத்திரிகளில் வந்தது.
அவனுக்குப் பதினாறாம் வளைவு என்றால்
எனக்கு என்ன எழுதியிருந்தது,
ஸ்பேனரைக் கீழே வை என்றா?
எழுதியவன் என்னைக் கேட்டு எழுதவில்லை, சரி.
வைக்கும்போது நானும்
அவனைக் கேட்டுக்கொள்ளவில்லையே.
அவன் வீட்டுக்குத்தான் அவசரமாகப் போனேன்,
அவன் அடிமை ஒருவனின் உயிரை
ஜாக்கியில் விட்டுவிட்டு.

ஷம்ஷாத் இத்தாவில் இருந்தாள்.
திரைக்கு அந்தப்பக்கம் அவள்.
இந்தப்பக்கம் நான், எனக்கெதிரே
தட்டில் பிஸ்கட்டோடு அவள் மகன், ஒன்பது வயது.
பையனுக்குப் புரியக்கூடாதென்று
முதலில் சுற்றி வளைத்தேன்,
மலைப்பாதை மாதிரி.
பிறகு நேராகவே சொன்னேன். கால் திருகு என்றும் சொன்னேன்.
பையன் தட்டைத் தரையில் வைத்துவிட்டு
என் கைகளையே பார்த்தான்.

“அல்லா எழுதினதுண்ணே” என்றது திரை.

“எழுத்து அவன்துதாம்மா.
கையெழுத்து என்னுது.”

குக்கர் மூன்று விசில் விட்டது.
யாரும் போய் அணைக்கவில்லை.
நான்காவதும் விட்டது.

“எழுத்துன்னு சொன்னது எனக்காக.
ராத்திரி நானும் கண்ண மூடணுமில்ல.
அத உருவி எடுத்து
நீங்க போத்திக்காதீங்க.”

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
எழுந்து செருப்பைத் தேடும்போது
திரை மறுபடி பேசியது.

“போலீஸ்லயும் ஒண்ணு எழுதி வச்சிருக்காங்க.
ஓட்டுனவர் கவனக்குறைவுன்னு.
அது அல்லா எழுதினது இல்லண்ணே.
ஸ்டேஷன்ல ரைட்டர் எழுதினது.
அத மாத்தலாமில்ல?”

ரைட்டர் சாப்பிடப் போயிருந்தார்.
பெஞ்சைக் காட்டினார்கள், உட்கார்ந்தேன்.
மடியில் பட்டறை நோட்டு.
வெளியே பனி இறங்கி
சில்வர் ஓக் மரங்களை
இடுப்புக்கு மேல் காணவில்லை.
யாரும் என்னைப் பிடித்து வைத்திருக்கவில்லை.
பைக் சாவி சட்டைப்பையில்.
கதவும் திறந்தே கிடக்கிறது,
தாழ்ப்பாள் உடைந்த கதவு.

எழுந்து போவான் என்றிருக்கலாம்.
இருப்பான் என்றும் இருக்கலாம்.
எது என்று எனக்குக் காட்டப்படவில்லை.
காட்டாமல் விட்டதற்கு
இந்தப் பெஞ்சில் உட்கார்ந்துதான்
முதல்முறையாக அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன்.

அசருக்குப் பாங்கு சொல்கிறார்கள்.
இப்போது கிளம்பினால் முதல் வரிசை கிடைக்கும்.

அசருக்கு இன்னும் நேரமிருக்கிறது.
நோட்டில் அந்தப் பக்கத்தைத் திறந்து
கட்டைவிரலை வைத்துக்கொண்டேன்.